அதிகாரம் ஓர் அமானிதம்: பணிக்குழுத் தலைவர்க்கு வேண்டிய நற்பழக்கங்கள்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். உழவும் நெசவும் வாணிகமும் கடற்செலவும் பலர் கூடிச் செய்த தொழில்களேயாம். சோழமண்டலக் கரையிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குக் கலம் செலுத்திய நம் முன்னோர், கலத்தலைவனை ‘நகுதா’ என்று அழைத்தனர். நகுதா சினந்து கூவுவதால் காற்றுத் திசை மாறுவதில்லை. பாய்க்கயிறு பிடிப்பவன், சுக்கான் பிடிப்பவன், நீர் இறைப்பவன் ஆகிய அனைவரும் மனம் ஒன்றி உழைத்தால்தான் கலம் கரை சேரும். அவ்வாறு அவர்களை மனம் ஒன்றச் செய்வதே தலைவனின் தொழில்.

அன்று மரக்கலத்துக்குப் பொருந்திய இவ்வுண்மை இன்று அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் பொருந்துகிறது. கல்லூரியை விட்டு வெளியேறும் நம் மாணவ மாணவியருள் பலர் சில ஆண்டுகளிலேயே நால்வர்க்கோ பதின்மர்க்கோ மேலாளராக அமர்கின்றனர். அவர்கள் கற்ற கல்வி கணக்கைக் கற்பித்தது, கணிப்பொறியைக் கற்பித்தது, மனிதரை நடத்தும் வகையைப் பெரும்பாலும் கற்பிக்கவில்லை. இக்குறையின் விளைவு சிறிதன்று. மேலாளர் ஒருவரின் கடுஞ்சொல் அலுவலக வாயிலோடு நின்றுவிடுவதில்லை. அது பணியாளருடன் வீடு வரை சென்று, அவர்தம் குடும்பத்தாரின் இரவு உணவையும் கசப்பாக்கிவிடுகிறது. ஆகவே நல்ல மேலாளர் யார், அவரிடம் அமைந்திருக்க வேண்டிய பழக்கங்கள் யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

பண்பும் பழக்கமும்

தலைமை பிறவியிலேயே வாய்ப்பது என்பார் உளர். இக்கூற்று முழுதும் உண்மையன்று. உள்ளத்தில் இருக்கும் பண்பைப் பணியாளர் எவரும் நேரில் காண்பதில்லை. நாள்தோறும் நிகழும் செயலையே காண்கின்றனர். அச்செயல் பழகப் பழக வரும். கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டையொட்டித் தன் மேலாளர்களை ஆராய்ந்து, சிறந்த மேலாளரிடம் காணப்பட்ட எட்டு நடைமுறைகளை வரிசைப்படுத்தியது. தொழில்நுட்பத்தையே உயிர்மூச்சாகக் கொண்ட அந்நிறுவனத்தின் பட்டியலில், தொழில்நுட்பத் திறன் எட்டாவதாக, இறுதியில் நின்றது. நல்ல பயிற்றுநராக இருத்தலே முதலிடம் பெற்றது.

பழக்கங்கள் அனைத்துக்கும் வேராக ஓர் எண்ணம் வேண்டும். அதிகாரம் நமக்கு உரிமையான உடைமையன்று. திருப்பி ஒப்படைக்க வேண்டிய அமானிதம் என்னும் எண்ணமே அது. நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பொறுப்பு வழங்குமாறு வேண்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை வழங்கவில்லை. பதவி ஓர் அமானிதம் என்றும், அதன் கடமையை நிறைவேற்றாதவர்க்கு அது மறுமையில் இழிவும் வருத்தமுமாக முடியும் என்றும் அன்போடு எடுத்துரைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்பதும் அண்ணலாரின் அறிவுரையாகும். இவ்வெண்ணம் ஊன்றிய உள்ளத்திலிருந்தே பின்வரும் பழக்கங்கள் கிளைக்கின்றன.

செவி கொடுத்தல்

முதற்பழக்கம் கேட்டல். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) பத்ருக் களத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் படையுடன் தங்கினார்கள். அப்போது ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) என்னும் தோழர் முன்வந்து, இவ்விடம் இறைவன் அறிவித்ததா, அன்றிப் போர்முறை கருதித் தாங்களே தேர்ந்ததா என்று வினவினார். தாமே தேர்ந்தது என்று அண்ணலார் விடையிறுக்கவே, பகைவர்க்கு அண்மையிலுள்ள கிணற்றருகே சென்று தங்கினால் நீர் நம் வசமாகும் என்று அவர் எடுத்துரைத்தார். அண்ணலார் அதனை ஏற்றுப் படையை அங்கே நகர்த்தினார்கள் என நபி வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியவை இரண்டு. தலைவர் கருத்தை மாற்றிக்கொண்டது ஒன்று. படையில் ஒருவர் அச்சமின்றி எழுந்து கேட்கும் சூழல் அங்கு முன்னரே நிலவியது என்பது மற்றொன்று. பின்னதே அரியது. ‘எவரேனும் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று கூட்டத்தின் முடிவில் கேட்கும் மேலாளர் பலர். நேற்று மாறுபட்டுப் பேசியவர் இன்று என்ன ஆனார் என்பதைப் பார்த்தபின்னரே பணியாளர் வாய் திறப்பர்.

கேளாச் செவியால் விளையும் கேட்டுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி, எழுவர் உயிரிழந்தனர். ஏவுவதற்கு முந்தைய இரவில், உந்துகலத்தைச் செய்தளித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் செவ்வனே மூடா என்று கூறி, ஏவுதலைத் தள்ளிவைக்க வேண்டினர். அறிந்தவர் கூறினர், மேலாளர்கள் அதனை மீறி இசைவளித்தனர். அந்த வளையங்களே அழிவுக்குக் காரணம் என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்க வேண்டும் என்றும், இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்றும் திருவள்ளுவர் அரசனுக்கு அறிவுறுத்தியதன் அருமை இங்கே விளங்கும்.

இப்பழக்கத்தைக் கைக்கொள்வதற்கு எளிய வழி ஒன்றுண்டு. கூட்டத்தில் தலைவர் தம் கருத்தை முதலில் கூறாதிருத்தல் வேண்டும். அவர் கூறிவிட்டால் ஏனையோர் அதற்கு ஒத்து ஊதத் தொடங்குவர். இளையவர் முதலிலும் தலைவர் இறுதியிலும் பேசும் அவையில் உண்மை வெளிப்படும்.

கலந்தாய்வும் உறுதியும்

பலரையும் கேட்டால் முடிவு எடுக்க இயலாது. எடுத்த முடிவு தவறினால் பழி நமக்கன்றோ வரும் என ஐயுறுவார் உளர். அவர்க்கு விடை உஹதுப் போரில் இருக்கிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) மக்கத்துப் படை மதீனாவை நோக்கி வந்தது. நகருக்குள் இருந்தே எதிர்கொள்வது அண்ணலாரின் விருப்பமாக இருந்தது. பத்ரில் பங்குபெறாத இளைஞர் பலர் வெளியே சென்று பொருத வேண்டும் என ஆர்வத்தோடு வற்புறுத்தினர். அண்ணலார் அதற்கு இசைந்து கவசம் பூண்டு வந்தார்கள். தம் வற்புறுத்தல் தவறோ என்று இளைஞர்கள் வருந்திப் பின்வாங்கியபோது, முடிவை மாற்றிக்கொள்ள அண்ணலார் உடன்படவில்லை. கேட்கும் வரையில் மென்மை, தேர்ந்தபின் உறுதி. இரண்டும் ஒருவரிடமே அமைய வேண்டியவை.

போரில் ஐம்பது வில்லாளர் ஒரு குன்றின்மீது நிறுத்தப்பட்டனர். வெற்றியோ தோல்வியோ எது கண்டும் இடம் பெயரற்க என்ற கட்டளை அவர்களுக்குத் தெளிவாக வழங்கப்பட்டிருந்தது. ஆயினும் வெற்றி கைக்கு எட்டியதைக் கண்டு அவருள் பெரும்பாலோர் கீழிறங்கிவிட்டனர். அதனால் நிலைமை தலைகீழாயிற்று, எழுபதின்மர் உயிர்த்தியாகம் செய்தனர், அண்ணலாரே காயமுற்றார்கள்.

இதன்பின் வந்த இறைக்கட்டளையே நம் சிந்தனைக்குரியது. இளைஞரின் யோசனையைக் கேட்டதால் நேர்ந்த இழப்பு என்று கருதி, ‘இனி எவரையும் கேளாதீர்’ என்ற ஆணை வந்திருக்கலாம். அவ்வாறு வரவில்லை. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், அண்ணலாரின் மென்மையை இறையருள் என்று போற்றி, தவறியோரை மன்னிக்கவும் அவர்களுடன் தொடர்ந்து கலந்தாலோசிக்கவும், பின் உறுதி கொண்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டவும் பணிக்கிறது. அதே தோழர்கள், அதே கலந்தாய்வு. ஒருமுறை பிழை நேர்ந்ததற்காகக் கேட்கும் பழக்கத்தையே கைவிடுதல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை எனலாம்.

தேர்ந்து ஒப்படைத்தல்

மூன்றாம் பழக்கம், ஆளறிந்து பணியைப் பகிர்தலும், பகிர்ந்தபின் தலையிடாதிருத்தலும் ஆகும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) மதீனாவைக் காக்க அகழ் வெட்டலாம் என்ற யோசனையைக் கூறியவர், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபகத்துக்குப் புதிதான அந்த உத்தி, கூறியவர் வெளிநாட்டவர் என்பதற்காகத் தள்ளப்படவில்லை. பத்துப் பேர்க்கு நாற்பது முழம் என்று அகழ்வேலை பங்கிடப்பட்டது. தன் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஒவ்வொரு குழுவுக்கும் தெரியும். ‘எல்லோரும் சேர்ந்து தோண்டுங்கள்’ என்று சொல்லியிருந்தால் பலரும் பிறர் கையை நோக்கி நின்றிருப்பர்.

திருக்குறளின் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரமும் இதனையே வலியுறுத்துகிறது. பணி, அதற்குரிய கருவி, செய்வோன் ஆகிய மூன்றன் பொருத்தத்தையும் ஆராய்ந்து, அதன்பின் அப்பணியை அவனிடமே விட்டுவிடுதல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் சாரம். முற்பகுதியைப் பின்பற்றும் மேலாளர் பலர். பிற்பகுதியைப் பின்பற்றுவோர் மிகச் சிலர். பணியைக் கொடுத்துவிட்டு, எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கித் திருத்துவோர் உண்மையில் எதனையும் ஒப்படைக்கவில்லை.

ஒப்படைத்தல் என்பதற்கு இலக்கணமாக விளங்குவது கி.பி. 632இல் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில், இருபது வயதும் நிரம்பாத உஸாமா (ரலி) அவர்களைப் படைத்தலைவராக்கினார்கள். மூத்தோர் பலர் அப்படையில் இருந்தனர், முணுமுணுப்பும் எழுந்தது. அண்ணலார் அந்நியமனத்தை உறுதிப்படுத்தினார்கள். அவர்களின் மறைவுக்குப்பின் முதற்கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்படையை வழியனுப்பியபோது, உஸாமா குதிரைமீதிருக்கத் தாம் அருகே நடந்து சென்றார்கள். நாட்டின் ஆட்சிக்குத் துணையாக உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் தங்குதல் வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். உமரோ அப்படையில் ஒருவர். ‘நில்லும்’ என்று கலீபா ஆணையிடவில்லை. அவரை விட்டுச்செல்ல இயலுமா என்று உஸாமாவிடம் இசைவு கேட்டார்கள். தாம் வழங்கிய அதிகாரத்தைத் தாமே மதித்த அச்செயலைக் கண்ட எந்த வீரர் அந்த இளந்தலைவரை இகழ்ந்திருக்க முடியும்?

உடன் உழைத்தலும் மெலிந்தோரை நோக்கலும்

அகழ் தோண்டிய நாட்களில் குளிரும் பசியும் வாட்டின. அண்ணலார் நிழலில் அமர்ந்து ஏவவில்லை; மண் சுமந்தார்கள்; மேனியில் புழுதி படிந்திருந்ததைத் தோழர்கள் கண்டனர். தலைவர் எல்லா வேலையையும் தாமே செய்ய வேண்டும் என்பது இதன் பொருளன்று. துன்பமான பொழுதில் அவர் எங்கே நிற்கிறார் என்பதையே குழு நோக்கும். இரவு நெடுநேரம் பணியாற்றுமாறு பணித்துவிட்டு மாலையிலேயே வீடு திரும்பும் மேலாளரின் சொல்லுக்கு மறுநாள் மதிப்பிராது.

உடன் உழைப்பவர்க்கே பிறர் களைப்பும் தெரியும். முஆத் (ரலி) அவர்கள் தம் குலத்தாருக்கு இரவுத் தொழுகை நடத்தும்போது மிக நீண்ட அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துக் களைத்த ஒருவர் விலகித் தனியே தொழுதுகொண்டு சென்றார். முஆத் அவரைக் குறை கூறினார். செய்தி அண்ணலாரிடம் சென்றபோது, கண்டிக்கப்பட்டவர் விலகிச் சென்ற தொழிலாளி அல்லர். தொழுகை நடத்திய முஆதே. பின்னால் நிற்போருள் முதியோரும் மெலிந்தோரும் அலுவல் உடையோரும் உளர் என்பதை நினைவூட்டி, சுருக்கமாக ஓதுமாறு பணித்தார்கள். வணக்கத்திலேயே மெலிந்தவரின் ஆற்றல் கருதப்பட வேண்டுமாயின், வணிக இலக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ? குழுவில் ஒருவர் பின்தங்கினால், அவர் சோம்பரா என்று கேட்பதற்கு முன், நாம் வகுத்த நடை சரியானதா என்று கேட்பது நல்ல மேலாளரின் வழக்கம்.

பழியை ஏற்றலும் புகழைப் பகிர்தலும்

இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் இந்தியாவின் முதற் செயற்கைக்கோள் ஏவுகலமாகிய எஸ்.எல்.வி.-3இன் திட்ட இயக்குநராகப் பணியாற்றினார். நான்கு கட்டங்களும் சுமார் 17 டன் எடையும் கொண்ட அவ்வேவுகலம், 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் வங்கக்கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த கசிவே காரணம். பல்லாண்டு உழைப்பு கடலில் கரைந்த அவ்வேளையில் செய்தியாளர்கள் காத்திருந்தனர். விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத் தலைவர் சதீஷ் தவன் அவர்கள் தாமே செய்தியாளரை எதிர்கொண்டு, தோல்விக்குரிய பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டு, தம் குழுவின்மீதுள்ள நம்பிக்கையையும் வெளியிட்டார். 1980 ஜூலை 18ஆம் நாள் அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தி வெற்றி கண்டது. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு தவன் கலாமை அனுப்பினார். இதனைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கருதுதல் போதாது. இதில் தொழில்நுட்பமும் இருக்கிறது. தோல்வியின் காரணத்தை அறிந்தவர் குழுவினரே. தண்டனை அஞ்சி அவர்கள் வாய் மூடியிருந்தால் கசிவு எங்கே நேர்ந்தது என்பதை யார் சொல்வார்? அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து வழங்கும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கும். நன்கு இயங்கும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கில் அத்தகைய குழுக்களிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அச்சமற்ற குழுவினர் பிழையை மறைக்காமல் உரைத்தனர். அஞ்சியவர் மறைத்தனர் என்பதே விளக்கம். மறைக்கப்படும் பிழை நோயாளியின் உடலில் தங்குகிறது. ஆகவே ‘என் குழுவில் குறையே இல்லை’ என்று ஒரு மேலாளர் பெருமை கொள்வாராயின், குறை இல்லையா, அன்றிச் சொல்வார் இல்லையா என்று அவர் ஆராய்தல் வேண்டும்.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ‘ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை’ என அண்ணலார் தம்மை ஒருபோதும் கடிந்ததில்லை என்று சான்று பகர்ந்துள்ளார். எட்டுமணி நேரம் கடியாதிருத்தலே நமக்கு அரிதாக இருக்கிறது.

நாள்தோறும் செய்யத்தக்கவை

பெரும்பழக்கங்களுக்குத் துணையாகச் சிறுபழக்கங்கள் சில உண்டு. காலையில் கடைநிலைப் பணியாளர்க்கும் தாமே முந்தி ஸலாமோ வணக்கமோ கூறுதல். வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொருவரிடமும் தனித்துப் பேசுதல். பாராட்டைப் பலர் அறியவும் கண்டிப்பைத் தனிமையிலும் வழங்குதல். வாய்மொழி ஏவலை எழுத்திலும் தருதல். விடுப்பு, ஊதியம், பதவி உயர்வு ஆகியவற்றை இழுத்தடிக்காதிருத்தல். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தினர்க்கு இது நினைவூட்டவும் வேண்டுவதில்லை.

மென்மை கண்டிப்புக்குப் பகையன்று. அறியாமல் நேரும் பிழையைப் பொறுக்கலாம். நேர்மைக் கேட்டைப் பொறுத்தல் ஆகாது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநரை அமர்த்தும்போதே அவர்தம் உடைமைகளைக் கணக்கெடுத்து வைத்தார்கள். வரம்பை முன்னரே தெளிவாக அறிவித்தவர்க்கே பின்னர்க் கண்டிக்கும் உரிமை உண்டு. அறிவிக்காத விதிக்காகத் தண்டிப்பது அநீதியாகும்.

முடிவுரை

கேட்டல், தேர்ந்தபின் உறுதி, ஒப்படைத்தல், உடன் உழைத்தல், பழி ஏற்றல் ஆகிய ஐந்தும் ஒரே நாளில் கைவரா. நம் முன்னோர் உறங்கச் செல்லுமுன் அன்றைய செயல்களைத் தாமே கணக்குப் பார்க்கும் ‘முஹாஸபா’ என்னும் வழக்கத்தைப் போற்றினர். நாளை மேலாளராக அமரவிருக்கும் நம் மாணவர்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். இன்று எனக்கு மாறான கருத்தை எவரேனும் துணிந்து கூறினரா? நான் ஒப்படைத்த பணியில் தேவையின்றிக் கை வைத்தேனா? என் சொல்லைச் சுமந்துகொண்டு எவரேனும் மனம் நொந்து வீடு சென்றனரா? இம்மூன்று வினாக்களுக்கும் நாள்தோறும் நேர்மையாக விடை காண்பவர், பதவியின் பெயர் எதுவாயினும், தம்மிடம் தரப்பட்ட அமானிதத்தைக் காப்பவராவார். அத்தகைய தலைவர்களை நம் கல்லூரி மென்மேலும் உருவாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.